போர்க்காட்சியும் உயிரின் சார்பும்

உயிர் தனித்து நிற்கும் இயல்பினதன்று. யாதானும் ஒன்றனைச் சார்ந்தே நிற்பதும், சார்ந்ததன் வண்ணமாய் விளங்குவதும் அதற்கு இயற்கை என்பது மெய்கண்ட சாத்திரங்களின் துணிபு. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தையே தன் நிறமாகக் காட்டுமாறு போல, உயிரும் மலத்தைச் சார்ந்துழி மலமாயும், சிவத்தைச் சார்ந்துழிச் சிவமாயும் நிற்கும். இவ்வுண்மையை நாம் பாடங் கேட்டும் பிறர்க்கு எடுத்துரைத்தும் வருகின்றோம். ஆயினும், நாள்தோறும் கண்வழியாக வந்து உயிரை அடுக்கும் பொருள்கள் யாவை என ஆராய்வார் மிகச் சிலரே. இக்காலத்தில் அங்ஙனம் வந்து அடுப்பனவற்றுள் ஒன்று போர்க்காட்சி. எந்நாட்டில் போர் நிகழினும், அங்கு இடிந்த வீடும், எரிந்த தெருவும், இறந்த மகவும் அன்றைக்கே கைப்பேசி வழியாக நம் உள்ளங்கையில் வந்து நிற்கின்றன. 2022 முதல் உக்ரேனின் காட்சிகள் வந்தன. 2023 அக்டோபர் முதல் காசாவின் காட்சிகள் வந்தன. இவற்றை இடையறாது காணும் உயிர் எவ்வண்ணமாய் நிற்கும் என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

காவிரி பாயும் நம் நாட்டார்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. கோடிக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கிடப்பது சிறு கடலே. நல்லூர் ஆறுமுக நாவலர் பெருமானுக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை 1849-ல் சூட்டியது நம் திருவாவடுதுறை ஆதீனம். திருக்கோணமலையும் திருக்கேதீச்சரமும் சம்பந்தப் பிள்ளையாரின் திருப்பதிகம் பெற்ற தலங்கள். இத்துணை நெருங்கிய நாட்டில் நெடுநாள் நிகழ்ந்த போர் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிவுற்றது. அப்போரின் கொடுமைகள் முதலிற் சிறுசிறு படங்களாகவும், பின்னர் 2011-ல் இங்கிலாந்தின் ‘சேனல் 4’ தொலைக்காட்சி வெளியிட்ட ஆவணப்படமாகவும் வந்தன. 2013 பிப்ரவரியில் பன்னிரண்டே வயதான பாலச்சந்திரன் என்னும் சிறுவனின் படங்கள் வெளியாயின. ஒன்றில் அவன் மணல்மூட்டைகளின் நடுவே உயிரோடு அமர்ந்து ஏதோ தின்றுகொண்டிருந்தான்; மற்றொன்றில் மார்பிற் குண்டு துளைத்த பிணமாய்க் கிடந்தான். அடுத்த மாதமே தமிழகக் கல்லூரி மாணாக்கர் வகுப்பை விட்டு வெளிப்போந்து உண்ணாநோன்பு இருந்தனர். அவ்வாண்டு நவம்பரில் தஞ்சையை அடுத்த விளாரில், அப்போரில் மாண்டோரின் துயரைக் கல்லிற் காட்டும் முள்ளிவாய்க்கால் முற்றம் திறக்கப்பெற்றது.

அக்காலத்தில் நம் ஊர்களில் இப்படங்கள் இருவகையாகத் தொழிற்பட்டமையைக் கண்டோர் பலர். முதற்படத்தைக் கண்டு சோறு உண்ணாது கைகழுவி எழுந்தவர், நாற்பதாவது படத்தை உண்டுகொண்டே கண்டார். இஃது ஒரு வகை. மற்றொரு வகையினர் உள்ளம் கொதித்துச் சினத்தையே தம் உணவாகக் கொண்டனர். யார்மீது சினப்பது என்பதும் தெரியாது கண்ணில் கண்டாரை எல்லாம் வைதனர். 2009 சனவரியில் சென்னையில் முத்துக்குமார் என்னும் இளைஞர் தீக்குளித்து மாண்டார். அவரைப் பின்பற்றி வேறு சிலரும் மாண்டனர். அவ்விளைஞர்தம் உள்ளத்து வெப்பத்தை யாம் இழித்துரையோம். ஆயினும் அச்செயலைச் சைவம் ஒப்பாது. பெறுதற்கரிய மானுடப் பிறவியை அங்ஙனம் போக்குதல் இறைவன் தந்த உடம்பாகிய கருவியை அவன் கொள்ளுமுன் உடைத்தெறிதலாம்.

மரத்துப்போதலும் கொதித்தெழுதலும் ஒன்றற்கொன்று மறுதலைபோலத் தோன்றினும், இரண்டற்கும் வேர் ஒன்றே. அதனைக் காட்டுதும். உயிர்க்கு அறிவு, இச்சை, செயல் என மூன்று ஆற்றல்கள் உண்டு. ஒரு துன்பத்தை அறிந்த உயிர் அதனை நீக்க விழைகின்றது. விழைந்தது செயலிற் செல்கின்றது. பக்கத்து வீட்டில் தீப்பற்றினால் குடத்தைத் தேடுகின்றோம், அத்துணையே. அங்கே மரத்துப்போதற்கும் வெறுங்கொதிப்பிற்கும் நேரம் இல்லை. போர்க்காட்சியிலோ அறிவு உண்டு, இச்சை உண்டு, செயற்கு வழியில்லை. கடல் கடந்த ஊரில் விழும் குண்டுக்கு ஈண்டுக் குடமெடுத்து ஓடுவார் யார்? செயற்படா இச்சை ஒருநாள் இருநாள் உள்ளத்தை வருத்தும். நாள்தோறும் அங்ஙனமே எழுந்து எழுந்து வீணாயின், அஃது எழுதலையே ஒழியும். அல்லது உள்ளே திரிந்து வெகுளியாய் மாறும். 2013-ல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் ஓட்டப்பந்தயத்தில் குண்டு வெடித்தபொழுது ஆராய்ச்சியாளர் ஒரு செய்தியைக் கண்டனர். குண்டு வெடித்த இடத்தில் இருந்தாரினும், அடுத்த நாள்களில் அக்காட்சியை நாளொன்றுக்கு ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் தொலைக்காட்சி முதலியவற்றிற் கண்டிருந்தார்க்கே மனக்கலக்கம் மிக்கிருந்தது. இதனைக் கேட்டு வியப்பார் உளர். நமக்கு வியப்பில்லை. நேரில் இருந்தார் பலர்க்குக் கைக்குச் செயல் இருந்தது: காயம்பட்டாரைத் தூக்கினர், குருதியைக் கட்டினர். தொலைவில் இருந்தார்க்குக் கண் ஒன்றே இருந்தது.

ஈண்டு ஒரு தடை எழும். ‘இடையறாது துன்பக் காட்சியைக் கண்ட உள்ளம் அதற்கு அசையாது நிற்குமாயின் அது நன்றன்றோ? இன்பத்தையும் துன்பத்தையும் ஒப்பக் கொள்ளும் இருவினையொப்பு என நம் சாத்திரம் புகழ்வது அதனையன்றோ?’ என்பர் சிலர். நம்மிற் கற்றார் சிலரே இங்ஙனம் கூறக் கேட்டிருக்கின்றோம். ஆதலின் இதனைச் சற்று விரித்தே மறுத்தல் வேண்டும்.

அற்றன்று. இருவினையொப்பு என்பது தனக்கு வரும் இன்ப துன்பங்களின்கண் உயிர் கொள்ளும் சமநிலை. பிறர்க்கு வரும் துன்பத்தின்கண் கொள்ளும் கல்நெஞ்சன்று. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. சமணர் நீற்றறையில் இட்டபொழுது அதனைக் குளிர்ந்த நிழலாகக் கொண்டு வீற்றிருந்தவர் நாவுக்கரசர். அவர் திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்துப் பஞ்சம் வந்தது. தம் உடம்பு வேவதை ஒரு பொருட்டாகக் கொள்ளாத அப்பெரியார், அடியார் வயிறு வாடுவதை ‘அவரவர் வினை’ என்று பார்த்துக்கொண்டிராது, சம்பந்தப் பிள்ளையாரோடு நாள்தோறும் இறைவனிடத்துப் படிக்காசு பெற்று உணவிட்டார். பிள்ளையார் பெற்ற காசிற்கு வாசி இருந்தமையால் அவர் திருமடத்தில் அமுதளிக்கக் காலந் தாழ்த்தது; அத்தாழ்வையும் பொறாது பிள்ளையார் இறைவனிடம் முறையிட்டார். பிறர் பசியில் ஒரு நாழிகைத் தாழ்வையும் பொறாத அருளாளரையே நாம் இருவினையொப்பின் எல்லைக்குச் சான்றாகக் காட்டுகின்றோம்.

மரத்துப்போன உள்ளத்தை ஆராய்ந்து பார்மின். காசாவில் ஒரு தாய் தன் மகவைத் துணியிற் சுற்றி எடுத்துச் செல்வதைக் கண்டு அசையாதவன், தன் வயலின் வரப்பை அடுத்த வயலான் ஒரு சாண் வெட்டிவிட்டால் ஊரைக் கூட்டுகின்றான். தன் துன்பத்தின்கண் ஒரு மயிரளவும் ஒப்பு அவனுக்கு வரவில்லை. பிறர் துன்பத்தின்கண் மட்டுமே வந்திருக்கின்றது. ஆணவத்தின் தொழில் அறிவை மறைத்தல். அது பிறவுயிரின் துன்பத்தைக் காணாவாறு மறைத்து, தன் துன்பத்தை மட்டும் பெரிதாகக் காட்டும். ஆகவே இடையறாக் காட்சியால் வரும் அசைவின்மை, மலம் கழன்றமையால் வந்ததன்று. மலம் இறுகினமையால் வந்ததேயாம். வெளித்தோற்றத்தால் இரண்டும் ஒன்றுபோலக் காணப்படும். உறக்கத்திலும் சமாதியிலும் கண் மூடியே இருக்கின்றது.

‘அவரவர் வினையை அவரவர் நுகர்கின்றனர்; நாம் கண்டால் என், காணாவிட்டால் என்?’ என்பாரும் உளர். இறந்தோர் நுகர்ந்தது அவர்தம் பிராரத்தமாகலாம். அதனை அளந்தறியும் ஆற்றல் நமக்கில்லை. ஆயின் அதனை நாம் காணும் முறை நமக்கு ஆகாமியமாம் என்பதை இவர் மறந்துவிடுகின்றனர். சுவைத்துக் காணினும் வினை. வெறுப்போடு காணினும் வினை. எருமைமேல் மழைபோலக் காணினும் வினையே. பிறர் வினை கழியுமிடத்து நமக்கு வினை ஏறுகின்றது.

இனி, இக்காட்சியின் தன்மையையும் ஆராய்தல் வேண்டும். சிவஞான சித்தியார் அளவையியல் கற்றார், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனையும் அறிவர். கைப்பேசியிற் காணும் போர்ப்படம் இம்மூன்றனுள் எதன்பாற் படும்? ‘கண்ணாற் கண்டேன்’ என்கின்றோம். ஆதலின் காண்டல் என்று எண்ணுகின்றோம். உண்மையில் அஃது உரையின் இனத்தது. (உரையளவை விழுமிய பொருளில் இறைவன் அருளிய நூலையே குறிக்குமாயினும், உலக வழக்கில் நம்பத்தகுந்தார் மொழியையும் அதன்பாற் படுத்தல் உண்டு.) ஒருவன் ஓரிடத்து நின்று, ஒன்றை எடுத்து, மற்றொன்றை விடுத்து, தான் வேண்டிய அளவு காட்டுகின்றான். வாய்ச்சொல்லுக்குப் பதிலாகப் படம் வருகின்றது, அவ்வளவே வேறுபாடு. உரையாயின் உரைத்தவன் யார், நம்பத்தகுந்தவனா, யாது கருதி உரைத்தான் என்று வினவுவோம். காண்டல் என்று மயங்கினமையால் வினவாது விடுகின்றோம். கணினி விளையாட்டின் காட்சிகளையே உண்மைப் போரின் காட்சிகளாகப் பரப்பியதும், ஒரு நாட்டின் பழம்படத்தை மற்றொரு நாட்டின் புதுப்படமாகக் காட்டியதும் 2022 முதல் பன்முறை நிகழ்ந்துள்ளன. ஐயமும் திரிவும் நீங்கிய வழியே காண்டல் அளவையாம் என்ற நம் ஆசிரியர் கூற்றை இக்காலத்துச் சிறுவர்க்கு எடுத்துக் கற்பித்தல் தகும்.

சைவ உலகில் போர்க்காட்சியைக் கண்ட ஓர் அரசரைப் பற்றிப் பெரியபுராணம் கூறுகின்றது. புகழ்ச்சோழ நாயனார் உறையூரிலிருந்து ஆண்டவர். கருவூரில் தங்கியிருந்தபொழுது, திறை செலுத்தாத அதிகன்மேல் தம் படையை ஏவினார். படை அரணை அழித்து வென்றது. அப்போர்க்களத்தை அக்காலப் புலவர் மரபுப்படியே சேக்கிழார் விரித்துரைக்கின்றார். கற்பாரும் அதனை வீரச்சுவையாகவே கற்றுச் செல்வர். வென்ற சேனை கருவூர்க்கு மீண்டு, யானை, குதிரை, பெரும்பொருள் ஆகியவற்றோடு பகைவர் தலைக்குவியலையும் கொணர்ந்து அரசர்முன் வைத்தது. அக்காலத்துப் போர்ச்செய்தி அது. இக்காலத்துப் படங்கள் செய்யும் தொழிலை அன்று தலைகளே செய்தன. அரசர் அவற்றை ஒவ்வொன்றாகக் காண்கின்றார். அவற்றுள் ஒரு தலையிற் சடை இருக்கக் கண்டார். கண்டதும் நடுங்கினார், கண்ணீர் சொரிந்தார். சைவநெறியைக் காப்பேன் என்று அரசாண்ட தாமே அடியார் ஒருவரைக் கொல்வித்தமையை எண்ணி, மகனுக்கு முடிசூட்டுமாறு அமைச்சர்க்குப் பணித்து, அத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தம் முடிமேல் தாங்கி, ஐந்தெழுத்தோதித் தீயை வலங்கொண்டு புகுந்தார்.

அவர் தீப்புகுந்தமை, ஆணையிட்ட அரசர் தம் பிழைக்குத் தாமே விதித்துக்கொண்ட கழுவாய். காண்பார் எவரும் பின்பற்றத்தக்க விதியன்று. ஈண்டு நாம் கருதவேண்டுவது அதற்கு முன் நிகழ்ந்தது. குவியலிலிருந்து ஒரு தலை தனித்து வந்து ஒருவருடைய தலையாயிற்று. அதுகாறும் எண்ணாய் இருந்தது அப்பொழுது உயிராய்த் தோன்றிற்று. பல தலைகளைக் கண்டமை அவர் கண்ணை மழுக்கவில்லை. என்னை? அவர் ஒவ்வொன்றையும் நோக்கினார். அன்றியும் அக்காட்சிக்குத் தாமே காரணர் என்பதை மறவாதிருந்தார். படத்தை விரலால் தள்ளிச் செல்லும் நமக்கு இவ்விரண்டும் இல்லை.

இவ்விடத்து ஓர் இடர்ப்பாட்டை மறைத்துச் செல்லுதல் நேர்மையாகாது. சடையிருந்த தலைக்கு இரங்கிய அரசர், சடையில்லாத பிற தலைகட்கு இரங்கினாரல்லரே என்று ஒருவர் வினவலாம். அவ்வினா தள்ளத்தக்கதன்று, நம்மேலும் அது பாய்கின்றது. முள்ளிவாய்க்காலின் படங்களைக் கண்டு நாம் துடித்ததற்குக் காரணம், அங்கு மாண்டார் நெற்றியில் நாம் அறிந்த நீறு இருந்தமையும், அவர் அலறிய மொழி நம் மொழியாய் இருந்தமையுமே. உக்ரேன், காசா, சூடான் முதலிய நாட்டாரின் நெற்றியில் நீறு இல்லை. ஆகவே அவர் படம் விரைவில் தள்ளப்படுகின்றது. அவ்வளவேயன்று. அதே போரில் மாண்ட சிங்களப் போர்வீரனின் தாயும் அழுதாள். அவளை நம்மிற் பெரும்பாலார் கண்டதேயில்லை, கண்டாலும் நோக்கியதில்லை.

இதற்கு யாம் கூறுவது இது. அன்பு ஓர் அடையாளத்தின் வழியாகவே முதலில் நுழையும், அது குற்றமன்று. நீறும் சடையும் கண்டு சிவனை நினைந்து வணங்குதல் சைவர்க்கு விதி. ஆயின் திருவேடத்தைச் சிவமாகக் கண்ட கண், அதனோடு நில்லாது, எல்லா உயிர்க்குள்ளும் அவன் உயிர்க்குயிராய் நிற்றலைக் காணும்வரை செல்லுதல் வேண்டும். வாயிலில் நுழைந்தவன் வாயிற்படியிலேயே அமர்ந்துவிடுவானாயின், அவன் வீட்டிற்குள் வந்தவனாகான்.

பகைவர் மகளிரின் அழுகையை எழுதிக் காட்டிய கை ஒன்று நம் தஞ்சையிலேயே இருந்தது. இராசராசேச்சரத்துக் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்திற்கு அடியிற் சோழர் கால ஓவியம் இருத்தலை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து உலகிற்கு உரைத்தார். அங்குள்ள ஓவியங்களுள் திரிபுராந்தகர் ஓவியம் பெரியது. பிரமன் தேரோட்டுகின்றான், மயில்மீது முருகனும் மூஞ்சுறுமீது பிள்ளையாரும் சிங்கத்தின்மீது காளியும் உடன் வருகின்றனர், பெருமான் எட்டுத் திருக்கைகளோடு வில்லேந்தி நிற்கின்றார். எதிரே அசுரர் படை திரண்டிருக்கின்றது. அப்படையின் நடுவே அவர்தம் பெண்டிர் அச்சத்தால் தம் கொழுநரைப் பற்றிக்கொண்டு தடுக்கின்றனர். வெற்றியை மட்டும் காட்டக் கருதிய ஓவியனாயின் இம்மகளிரை எழுதவேண்டுவதில்லை. முப்புரம் என்றது மும்மலத்தின் காரியத்தையே எனத் திருமூலர் உரைத்தருளினார். அத்தத்துவத்தை மட்டும் கருதினும் இம்மகளிர்க்கு ஆங்கு இடமில்லை. எனினும் எழுதினான். முப்புரம் எரிந்த ஞான்று எரியாது பிழைத்த மூவருள் இருவர் பெருமானுக்கு வாயில் காவலராயும் ஒருவர் முழவு முழக்குவாராயும் ஆயினர் என்று சுந்தரர் திருப்புன்கூரில் பாடியருளியதையும் இதனோடு கூட்டி எண்ணுக.

அவ்வோவியம் இருக்குமிடத்தையும் கருதுக. அஃது எல்லாரும் எந்நேரமும் புகும் இடத்தில் இல்லை. இன்றும் அவ்வுட்சுற்றுப் பொதுமக்கட்குத் திறக்கப்பெறுவதில்லை. தெருவில் நிற்பார்க்குப் போர்க்காட்சியை ஓயாது காட்டுதலும், வலம் வருவான் ஒருவன் கருவறையின் அருகே விளக்கொளியில் நின்று காணுமாறு அமைத்தலும் ஒன்றாகா. விளாரிலுள்ள முற்றமும் இவ்வகையில் கைப்பேசியினும் மேம்பட்டதே. கல் நகர்ந்து வந்து நம்மை அடுக்காது. காண்பான் நடந்து சென்று, நின்று, கண்டு, மீளல் வேண்டும். அதன் அரசியலைப் பற்றி ஈண்டு யாம் ஒன்றும் கூறவந்திலம்.

நம் முன்னோர் எல்லாரும் இவ்வளவு அடக்கத்தோடு போரைக் காட்டினர் என்றும் சொல்லற்கில்லை. தீபங்குடியினர் எனப்படும் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்திற் கூழ் அட்டு உண்ணுகின்றன. சோழர் அவையில் அது கொண்டாடப்பெற்றது. ஈழத்தை வென்றமையை இராசராசன் தன் மெய்க்கீர்த்தியிற் பொறித்ததும், ஈழத்து ஊர்களின் வருவாயைப் பெரிய கோயிலுக்கு அளித்ததும் அக்கோயிற் கல்வெட்டுக்களால் விளங்கும். ஈழப்போரைப் பற்றிப் பேசுவார் இவற்றையும் நினைவிற் கொள்ளுதல் நடுவுநிலைமைக்கு அழகு.

‘அங்ஙனமாயின் போர்ப்படங்களைக் காணாது கண்ணை மூடிக்கொள்ளுதலே தக்கதோ?’ எனின், தக்கதன்று. பாலச்சந்திரனின் படம் வெளிவராதிருப்பின் அவன் கொலையுண்ட செய்தி புதைந்தே போயிருக்கும். கொன்றவர்க்கு இருளே வேண்டும். அவ்விருளுக்கு நாம் துணைபோதல் ஆகாது. சூசன் சான்டாக் என்னும் அமெரிக்க எழுத்தாளரும், 1977-ல் வெளியிட்ட நூலில் இத்தகைய படங்கள் உள்ளத்தை மழுக்குவன என்று எழுதி, 2003-ல் வெளியிட்ட மற்றொரு நூலில் அக்கருத்தைத் தாமே ஐயுற்று மாற்றிக்கொண்டார். படத்தின்மேற் குற்றமில்லை, அளவின்மேலும் சார்பின்மேலும் குற்றமுண்டு.

நெல்விளைக்கும் நம்மவர்க்கு இதனை விளக்குதல் எளிது. நாற்று நட்டு வேர்பிடித்த வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவர். இடையறாது நீர் நின்றால் வேர் அழுகும். பயிர் தூர் கட்டாது. மடையை அடைத்தவன் காவிரியை வெறுத்தவனல்லன். அவ்வாறே, நாளில் ஒருமுறை நம்பத்தகுந்தார் வழியாகச் செய்தி அறிந்து, அறிந்தபின் கருவியை மூடி, அறிந்ததற்கு இயன்ற ஒரு செயலைச் செய்தல் வேண்டும். செயல் சிறிதாயினும் ஆகுக. அகதிகளாய் வந்து தமிழகத்து முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழும் ஈழத்தார் இன்றும் உளர். அவர் பிள்ளைகட்குப் புத்தகம் வாங்கித் தரலாம். அறியாத நாட்டில் மாண்டார்க்காகத் திருக்கோயிலில் ஒரு மோட்சதீபம் ஏற்றலாம். இவற்றால் போர் நிற்குமோ எனின், நில்லாது. ஆயின் எழுந்த இச்சை செயலிற் சென்று அமையும். உள்ளே தேங்கி அழுகாது. உறங்கப் போகுமுன் படத்தைக் கண்டு, அதனையே கடைசிச் சார்பாகக் கொண்டு துயிலும் வழக்கத்தையேனும் அடியார்கள் விடுதல் நலம். அவ்வேளைக்கு ஐந்தெழுத்து உண்டு.

மடங்களிலும் திருமுறைக் கழகங்களிலும் புகழ்ச்சோழ நாயனார் குருபூசையன்று அவர் புராணத்தை விரித்துரைப்பார்க்கு ஒரு விண்ணப்பம். போர்க்களப் பகுதியில் வேண்டிய அளவு நின்று, தலைக்குவியல் வந்த இடத்தில் விரைந்து தீப்புகுதலுக்குச் சென்றுவிடுதல் வழக்கமாய் இருக்கின்றது. அக்குவியலின் முன் சற்று நின்று உரைத்தல் வேண்டும். அத்தலைக்கு உரியார் பெயரைச் சேக்கிழார் கூறினாரல்லர். அவர் எவ்வூரார், அதிகன் படையில் ஏன் நின்றார், அவர்க்கு மனைவி மக்கள் உளரோ என்று அவையிலிருக்கும் சிறுவர் வினவினால், அவ்வினாவைத் தடுத்தல் வேண்டா.